சீட்டும் கையுமா: தடுப்புச் சீட்டுக்கு என்ன விலை?

இந்த மாசம் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகள் முக்கால்வாசி ஒரே இடத்தில் போய் முட்டுது. எதிராளி ஆசை ஆசையாப் போட்ட சீட்டை ‘செல்லாது’ன்னு சொல்லுத தடுப்புச் சீட்டு. பிள்ளைகள் பாஷையில் கவுண்டர். அதனால கேரம், ரம்மி கேள்விகளை அடுத்த மாசத்துக்கு ஒதுக்கிட்டேன். கேரம் அண்ணன்மார் கோவிக்கப்படாது.

தக்கலை பக்கத்திலிருந்து இன்ஜினியரிங் மாணவர்கள்: அக்கா, ‘குளச்சல் 1741’ என்று ஒரு டிரேடிங் கார்டு கேம் (அவரவர் சீட்டுகளைத் தேர்ந்தெடுத்துச் சொந்தக் கட்டு அமைத்து ஆடுவது) செய்திருக்கிறோம். ஒரு பக்கம் திருவிதாங்கூர், மறுபக்கம் டச்சுக் கம்பெனி. சீட்டுப் போடக் கொடுக்க வேண்டிய ‘மானா’ என்ற சக்திக்குப் பதில் மிளகு. முறைக்கு 3 மிளகு வரும். செலவழிக்காதது பண்டகசாலையில் சேரும். ஆளுக்கு 40 சீட்டு, ஒரே சீட்டை 4 வரை வைக்கலாம், தொடக்கத்தில் கையில் 7. ‘கோட்டை வாசல் அடைப்பு’ என்று ஒரு சீட்டு இருக்கிறது. 2 மிளகு கொடுத்தால் எதிராளி போட்டது எதுவானாலும் செல்லாது. இப்போது எல்லாரும் அதையே 4 வைக்கிறார்கள். ஆட்டம் முடியவே மாட்டேன் என்கிறது. விலையை 3 ஆக்கவா, 4 ஆக்கவா?

விலையில கை வைக்கதுக்கு முன்னால பண்டகசாலையில கை வை, மக்கா. நோய் அங்க கிடக்கு.

தடுப்புச் சீட்டுக்கு ரெண்டு விலை உண்டு. ஒண்ணு, மூலையில அச்சடிச்ச நம்பர். மற்றது, அதைப் போடுததுக்காக நம்ம முறையில சும்மா கையைக் கட்டிட்டு இருக்கோமே, அது. ரெண்டாவதுதான் பெரிய விலை. ‘மேஜிக் தி கேதரிங்’ங்கிற சீட்டாட்டத்தைப் பாரு. 1993-ல ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைச்சு வந்த முதல் தொகுப்பிலேயே ‘கவுண்டர்ஸ்பெல்’ உண்டு. விலை 2 நீல மானா. எந்த ஸ்பெல் (மந்திரச் சீட்டு) வந்தாலும் தடுக்கலாம், நிபந்தனை கிடையாது. ஒனக்க சீட்டும் அதே சாதிதான். ஆனா அந்த ஆட்டத்தில மானாவைச் சேர்த்து வைக்க முடியாது, கட்டம் முடிஞ்சா காலி. எதிராளி முறையில தடுக்கணும்னா உன் முறையில 2 நிலத்தை (மானா தருத சீட்டு) டேப் பண்ணாம, அதாவது சாய்க்காம விட்டு வைக்கணும். அந்த ரெண்டுல வந்திருக்க வேண்டிய வீரன் வரல்ல. எதிராளி அந்த முறை ஒண்ணும் போடல்லேன்னா, உன் முறை பாழ். அதோட, அந்த 2 நிலம் நிமிர்ந்து நிக்கதை அவன் கண்ணால பார்க்கான். கையில கவுண்டர் இருக்குன்னு நினைக்கான். இல்லாட்டாலும் நினைக்கான். இந்தச் சந்தேகத்துலதான் பாதி ஆட்டமே நடக்குது.

ஒனக்க ஆட்டத்தில மிளகு பண்டகசாலையில பத்திரமா கிடக்கு. தடுக்க வேண்டி வரல்லேன்னா அதே மிளகை எடுத்து அடுத்த முறை பீரங்கி வாங்கிடலாம். காத்துக் கிடந்ததுக்கு ஒரு மணி மிளகுகூட நட்டமில்லை. விலையை 3 ஆக்கு, 4 ஆக்கு, பிள்ளைகள் ஒரு முறை கூடச் சேமிச்சுட்டு இதையேதான் செய்வாங்க.

அதனால விதியை இப்படி மாத்து: உன் முறை தொடங்கும்போது பழைய மிளகு அத்தனையும் போயிடும். கதைக்கும் ஒட்டும். குளச்சல் சண்டை நடந்தது இடவப்பாதி மழைக் காலத்தில. நனைஞ்ச மிளகை எந்தக் கம்பெனிக்காரன் வாங்குவான்? ‘அப்போ 7 மிளகு பீரங்கியை எப்படி வாங்க’ன்னு உடனே கேப்பே. வரவை முறைக்கு முறை ஏத்து. முதல் முறை 1, அடுத்தது 2, அப்படியே 8 வரை போகட்டும். உன் முறையில மிஞ்சினது எதிராளி முறை முடியும்வரை மேஜையில அவன் பார்க்க இருக்கும். அதுதான் தடுப்புக்கான காசு.

இதுக்குப் பிறகு நம்பரைப் பேசலாம். 2 மிளகு சீட்டு 7 மிளகு பீரங்கியைத் தடுத்தா ஆளுக்கு ஒரு சீட்டு போச்சு, அது சமம். ஆனா அவனுக்கு 7 போச்சு, உனக்கு 2. அந்த 5 மிளகு இடைவெளியிலதான் தடுத்தவன் ஜெயிக்கான். அதே 2 மிளகை அவன் போட்ட 1 மிளகு படகுக்குச் செலவழிச்சா நட்டம் உனக்கு. கெட்டிக்காரன் முதல்ல படகைப் போட்டுப் பார்ப்பான். நீ தடுத்தா சந்தோஷம், பின்னாலேயே பீரங்கி வரும். ஆனா தூண்டில் இரை கொஞ்சமாவது வலிக்கணும். விட்டாலும் ஒண்ணும் ஆகாத படகுன்னா யாரும் கடிக்க மாட்டான். அதனால 2, 3 மிளகுச் சீட்டுகளுக்கு உயிர் இருக்கான்னு பாரு.

2-க்கும் 3-க்கும் உள்ள தூரம் நீ நினைக்கதை விடப் பெருசு. மேஜிக்கில 2001-ல வந்த ஏழாம் பதிப்புக்குப் பிறகு கவுண்டர்ஸ்பெல்லை வழக்கமான அடிப்படைத் தொகுப்புகள்ல இருந்து எடுத்துட்டாங்க. 2006-ல ‘கேன்சல்’ வந்துது. அதே வேலை, விலை மட்டும் 3. நேத்துவரை பல்லைக் கடிச்சவங்களே ‘இதை யாரு டெக்கில (சீட்டுக் கட்டில) வைப்பா’ன்னு சலிச்சுக்கிட்டாங்க. பழைய கவுண்டர்ஸ்பெல் ‘மாடர்ன்’ வகை ஆட்டத்துக்குள்ள (எந்தச் சீட்டு செல்லும்னு தனி விதி உள்ள மேஜிக் போட்டி வகை) வர 2021 ஆச்சு. ஒரே ஒரு மானா வித்தியாசம், கேட்டியா!

என்னைக் கேட்டா, நீ 2-லேயே நில்லு, வாசகத்தை மாத்து: ‘எதிராளி கூடுதலாக 2 மிளகு கட்டாவிட்டால், போட்ட சீட்டு செல்லாது.’ 1998-ல வந்த ‘மானா லீக்’ இந்த வகைதான், அதில கூடுதல் 3. இந்த மாதிரிச் சீட்டு தொடக்கத்தில கொடூரம், போகப்போகப் பல்லு விழுந்திரும். அதுதான் எனக்குப் பிடிச்ச இடம். எதிராளிக்கு 7 மிளகு இருக்குன்னு வை. கையில 7 மிளகு பீரங்கியும் 5 மிளகு நாயர் படையும். உன் முன்னால 2 மிளகு மிச்சம் கிடக்கு. அவன் பீரங்கியில விரலை வைக்கான், உன் மிளகைப் பார்க்கான், விரலை எடுக்கான், 5 மிளகுப் படையை இறக்கிட்டு 2 மிளகைக் கையில பிடிச்சுட்டு இருக்கான். நீ சீட்டே போடல்ல, ஆனா தடுத்தாச்சு. அவனும் ஏமாறல்ல, அவன் முடிவு அவனுது. தடுப்புச் சீட்டு வேலை செய்யுதான்னு பார்க்க இந்த விரலைத்தான் கவனிக்கணும். எதிராளி யோசிக்காம சீட்டைப் போட்டுட்டு, யோசிக்காமலே இழந்துட்டு இருந்தான்னா சீட்டு சரியில்லை.

இனி எண்ணிக்கை. 60 சீட்டு டெக்கில 4 பிரதி வெச்சா, தொடக்கத்து 7-ல ஒண்ணாவது வர வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம். பெரிய ஆட்டத்தைப் பார்த்து ‘4 வரை’ன்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க, ஆனா டெக்கை 40 ஆக்கிட்டீங்க. வாய்ப்பு 55 சதவீதத்துக்கு ஏறிட்டு. அடைப்பை மட்டும் 2 பிரதின்னு கட்டுப்படுத்தினா 32-க்கு இறங்கும். 3-ன்னா 45. நான் 2-ன்னு சொல்லுவேன்.

குழித்துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: மக்ளே, நாங்கள் வாயில் பீடியும் கையில் ‘இருபத்தெட்டு’ சீட்டாட்டமும் என்று இருந்தவர்கள். பேரன் இந்த ‘கவுண்டர்’ பற்றி ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரிப் பேசுகிறான். எங்கள் வெட்டு வேறு என்ன?

வேற ஒண்ணும் இல்லை சார், வெட்டேதான். ஒரு விஷயத்தில உங்க வெட்டு இன்னும் நல்ல வடிவமைப்பு. ஆட்டின் இறங்கினா கையில ஆட்டின் இருக்கும்வரை ஆட்டின்தான் போடணும். இல்லைன்னாத்தான் மறைச்சு வெச்ச துருப்பைத் திறக்கச் சொல்லலாம், வெட்டலாம். ஜாக்கியை இறக்குதவன் ‘இது எத்தனாவது ஆட்டின், யாரு கையில தீர்ந்திருக்கும்’னு எண்ணி, வெட்டு விழுமா விழாதான்னு ஓரளவு ஊகிக்கலாம். அதே ஆபத்து கணக்குத் தெரியாதவனுக்குத் திடீர்னு விழுந்த மாதிரி இருக்கும். பேரனுக்கு இருபத்தெட்டு கத்துக் கொடுங்க சார். தக்கலைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்லுதேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு 12 வயசு. சித்தி மகன் காலேஜ் படிக்கிறான். ரெண்டு பேரும் சீட்டு ஆடும்போது பெரியவன் எப்பப் பார்த்தாலும் ‘செல்லாது’ என்கிறான், சின்னவன் சீட்டை வீசிவிட்டு எழுந்து போகிறான். இந்த விளையாட்டே வேண்டாம் என்று நிறுத்திவிடவா?

நிறுத்தாதீங்க அம்மா. பெரியவனுக்க டெக்கை மாத்துங்க.

சின்னவன் வீசுததுக்குக் காரணம் உண்டு. அவன் போட்ட டிராகன் களத்துக்கு வந்து, ரெண்டு அடி அடிச்சு, பிறகு செத்தா அவ்வளவு கோவம் வராது. டிராகனைப் பார்த்தாச்சு, விளையாடியாச்சு. தடுப்புல அந்த டிராகன் வரவே இல்லை. கணக்குப்படி ரெண்டும் ஒரே நட்டம், மனசுக்கு ஒண்ணில்லை. பெரிய ஆட்கள் ஆடுத மேஜையிலேயே இதுக்கு முகம் சுளிக்காங்க, 12 வயசுப் பிள்ளையை என்ன சொல்ல?

அதனாலதான் ‘இப்ப வேண்டாம், பிறகு வா’ன்னு சொல்லுத மென்மையான தடுப்புகளும் உண்டு. 1995-ல வந்த மேஜிக்கின் ‘மெமரி லாப்ஸ்’ தடுத்த சீட்டை டெக்கின் உச்சியில வைக்கும். அடுத்த முறை எடுக்கும்போது அதே டிராகன் திரும்பக் கைக்கு வரும். 2005-ல வந்த ‘ரிமாண்ட்’ நேரே கைக்கே திருப்பி அனுப்பும், தடுத்தவனுக்கு ஒரு சீட்டு கூலியா கிடைக்கும். நேரம் போச்சு, டிராகன் போகல்ல. பெரியவன்கிட்ட, தம்பியோட ஆடும்போது இந்த வகை மட்டும்தான்னு ஒரு வீட்டு விதி போடுங்க. முணுமுணுப்பான். ஏத்தங்கா சிப்ஸ் வாங்கிக் கொடுங்க. ஆனா எண்ணெய்க் கையோட சீட்டைத் தொடவிடாதீங்க, அந்தக் கறை போகவே போகாது.

தக்கலையிலிருந்து ஒரு மாணவர் (மேலே உள்ள கூட்டத்தில் ஒருவர், தனியாக, ‘அவனுகளுக்குச் சொல்லிராதீங்க’ என்ற குறிப்போடு): நான் குளச்சல் சண்டையின் டச்சுத் தளபதி பெயரில் ‘டி லனாய்’ என்று ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன். 2 மிளகு. எதிராளி போட்ட சீட்டைத் தடுத்து அதை நம் கைக்கே எடுத்துக்கொள்ளலாம். எப்படி இருக்கிறது?

அவனுகளும் இந்தப் பக்கத்தைப் படிப்பானுகள், மக்கா. யோசனை முதல் தரம், விலை அநியாயம்.

1994-ல மேஜிக்கில ‘மானா ட்ரெய்ன்’னு ஒரு சீட்டு வந்துது. கவுண்டர்ஸ்பெல்லுக்க அதே விலை, அதே வேலை. கூட, தடுத்த சீட்டுக்க விலை அளவுக்கு மானாவும் நமக்குக் கிடைக்கும். அதே விலைக்கு எல்லா வகையிலும் ஒரு படி மேல ஒண்ணு இருந்தா, கீழ உள்ளதை எவன் தொடுவான்? உன் டி லனாய் அதைவிட மோசம்: அவனுக்கு 7 மிளகும் போச்சு, பீரங்கியும் போச்சு, உனக்கு பீரங்கி வந்தாச்சு. அவன் ஒரு சீட்டு குறைஞ்சான், நீ ஒரு சீட்டும் குறையல்ல.

திருத்தம் சரித்திரத்துக்குள்ளேயே இருக்கு. டி லனாய் வந்து இறங்கின அன்னைக்கே கட்சி மாறினவர் இல்லை. தோத்து, பிடிபட்டு, பிறகுதான் மார்த்தாண்ட வர்மாவுக்க படையில சேர்ந்து ‘வலிய கப்பித்தான்’ ஆனார். 1777-ல இறந்து உதயகிரிக் கோட்டையில அடக்கமானார். நீ பஸ்ஸில போகும்போது பார்க்க கோட்டைதான். அதனால சீட்டும் அப்படியே இருக்கட்டும்: போன முறையில ஒரு சண்டையில ஜெயிச்சிருந்தாத்தான் போட முடியும், படைச் சீட்டை மட்டும்தான் எடுக்கும், உத்தரவுச் சீட்டுகளைத் தொடாது, விலை 5, டெக்குக்கு ஒண்ணு. இப்போ எதிராளிக்கும் ஒரு வழி கிடைக்குது. தோத்த கையோட பெரிய படையை இறக்காம, ஒரு முறை பொறுத்து இறக்கலாம்.

குளச்சலிலிருந்து ஒரு பள்ளி மாணவர்: மிளகு இல்லாவிட்டால் உயிர்ப் புள்ளியைக் கொடுத்துத் தடுக்கிற மாதிரி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனா எப்படிக் கேக்கேன்னு பாரு. யூகியோ சீட்டாட்டத்தில ‘சாலம் ஜட்ஜ்மென்ட்’ இருக்கு, விலை உன் உயிரில பாதி. தொடக்கத்தில 8000 இருக்கும்போது 4000 போகும், நெஞ்சு பதறும். 200 இருக்கும்போது? 100தான். தோத்துட்டு இருக்கவனுக்குச் சீட்டு மலிவு! அப்படித்தான் வேணும்னா பாதின்னு எழுது, எல்லாருக்கும் ஒரே வலி வேணும்னா நம்பரா எழுது. 1996-ல வந்த மேஜிக்கின் ‘ஃபோர்ஸ் ஆஃப் வில்’ இன்னொரு வழி: மானா இல்லைன்னா 1 உயிரும், கையில உள்ள வேறொரு நீலச் சீட்டும். ஒண்ணைத் தடுக்க ரெண்டு சீட்டை இழக்கோம். இலவசம் மாதிரி இருக்கும், கையைப் பார்த்தாத் தெரியும்.

மண்டைக்காட்டிலிருந்து ஒரு வாசகி: தடுப்பே இல்லாமல் ஒரு சீட்டாட்டம் நன்றாக இருக்காதா?

இருக்கும். போக்கிமான் கார்டு கேமில எதிராளி முறையில நீங்க பெரும்பாலும் வேடிக்கைதான் பார்க்கணும். அதுக்காக அது விற்காமலா கிடக்கு?

நாகர்கோவிலிலிருந்து ஒரு மென்பொருள்காரர்: எங்கள் சீட்டாட்டத்தை மொபைல் ஆப்பாக எழுதுகிறேன். எதிராளி சீட்டுப் போடும்போதெல்லாம் ‘தடுக்கிறீர்களா?’ என்று கேட்டால் ஆட்டம் ஊர்கிறது. தடுப்புச் சீட்டு கையில் இருக்கிறவரிடம் மட்டும் கேட்டால், அந்தச் சின்னத் தாமதத்திலேயே எதிராளிக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. என்ன செய்ய?

நல்ல கேள்வி தம்பி. மேஜையில ஆடும்போது முகத்தை மறைச்சா போதும், ஆப்பில கடிகாரமே கோள் சொல்லும்.

2014-ல வெளிவந்த ‘ஹார்த்ஸ்டோன்’ங்கிற கம்ப்யூட்டர் சீட்டாட்டம் கேள்வி கேக்கதையே விட்டுட்டுது. அங்க கவுண்டர்ஸ்பெல் ஒரு ரகசியச் சீட்டு. உன் முறையிலேயே 3 மானா கொடுத்துக் கவிழ்த்து வெச்சிடணும். எதிராளி அடுத்து போடுத முதல் ஸ்பெல்லைத் தானாவே பிடிச்சுக்கும். எதைப் பிடிக்கணும்னு நீ தேர்ந்தெடுக்க முடியாது. அதனால ரெண்டாவதா ஆடுதவன் தனக்குக் கிடைக்க இலவச நாணயச் சீட்டை (அதுவும் ஸ்பெல்தான்) முதல்ல போட்டு ரகசியத்தைக் கெடுத்துட்டு, பிறகு பெரிய ஸ்பெல்லை இறக்குவான். வேகத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனா தடுக்கவா வேண்டாமான்னு தவிக்க சுகம் போயிடும்.

தவிப்பு வேணும்னா என் யோசனை இது. எப்போ காத்திருக்கணும்னு ஆப் முடிவு பண்ணுதது எல்லாரும் பார்க்கிற விஷயத்தை வெச்சு மட்டும் இருக்கட்டும். தடுக்கக்கூடியவனுக்கு முன்னால மிச்ச மிளகு (உங்க ஆட்டத்தில அது எதுவானாலும்) 2-ஓ கூடவோ இருக்கு, கையில ஒரு சீட்டாவது இருக்குன்னா, தடுப்பு இருந்தாலும் இல்லாட்டாலும் அதே அளவு தாமதம். மிளகு இல்லைன்னா தாமதமே வேண்டாம். அவன் தடுக்க முடியாதுன்னு ஊருக்கே தெரியும். கையில தடுப்பு இல்லாதவனுக்கும் அந்த நேரத்தில பொத்தானைக் காட்டு, அமுக்காம விட்டு ஏமாத்தட்டும். ‘படைச் சீட்டு வந்தா மட்டும் கேள்’னு முன்கூட்டியே குறிக்க ஒரு வசதியும் வெச்சா அவசரக்காரங்க திட்ட மாட்டாங்க, ஆனா அந்தக் குறியால தாமதம் குறையவோ கூடவோ செய்யக்கூடாது. குறைஞ்சா பழைய கதைதான்.

களியக்காவிளையிலிருந்து இரண்டு நண்பர்கள் (பந்தயம் கட்டியிருக்கிறார்களாம்): நான் பீரங்கி போட்டேன். அவன் தடுத்தான். அந்தத் தடுப்பை நான் தடுத்தேன். என் தடுப்பை அவன் மறுபடி தடுத்தான். பீரங்கி வருமா, வராதா? போட்ட மிளகு?

1999-ல ஆறாம் பதிப்பு விதிகளோட மேஜிக் கொண்டு வந்த ‘ஸ்டாக்’ முறைப்படி சொல்லுதேன், பெரும்பாலான ஆட்டங்களுக்கு இது சரியா வரும். போடுத சீட்டைக் களத்துக்குக் கொண்டு போகாம நடுவில வைங்க. ஒவ்வொரு பதிலையும் முந்தினதுக்கு மேல, அடிச்சீட்டின் பேர் தெரியும்படி கொஞ்சம் சரிச்சு வைங்க. இனி யாருக்கும் போட ஒண்ணும் இல்லைன்னு ரெண்டு பேரும் சொன்ன பிறகு மேல இருந்து ஒவ்வொண்ணா எடுங்க. கடைசியா வந்தது முதல்ல நடக்கும். உச்சியில அவனுக்க ரெண்டாவது தடுப்பு. அது உன் தடுப்பைக் கொல்லுது, ரெண்டும் போச்சு. அடுத்து அவனுக்க முதல் தடுப்பு, அதைத் தடுக்க இப்போ ஆள் இல்லை, பீரங்கியைக் கொல்லுது.

பீரங்கி வராது. பந்தயம் அவனுக்கு. மிளகு நாலு சீட்டுக்கும் செலவானது செலவானதுதான், ஒருத்தருக்கும் திருப்பிக் கிடைக்காது.